சாவுச் சேர்மன்

பின்னால் ஹாரன் கேட்டதும் ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தடியில் ஒதுங்கினேன். எந்த பஸ் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அந்த ஹாரனுக்கு எப்போதும் சளி பிடித்த குரல். நாலு வருஷம் அதே பஸ்ஸின் மேலே புளி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துப் போய் வந்திருக்கிறேன். என்னைத் தாண்டிப் போய் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏறுப்பா. அடிவாரத்துக்குத்தான போற?"

"நடந்துக்கறனுங்க."

"இன்னம் பத்து மைலு கெடக்குது. உன்ன ஏத்தாதன்னு என்கிட்ட யாரும் சொல்லல, பயப்படாத."

"அதுக்கில்லீங்க."

டிரைவர் உள்ளேயிருந்து, "அவன் நடக்கறதுக்குன்னே பொறந்தவன், வுடுய்யா" என்றார். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு மறுபடி நடந்தேன்.

அந்த பஸ்ஸின் முதலாளி பத்து வருஷமாக எங்கள் பஞ்சாயத்து யூனியனுக்குச் சேர்மன். முந்தின நாள்தான் அந்த நாற்காலி அவர் கையை விட்டுப் போயிருந்தது. போனதற்குக் காரணம் நான் என்று அவருடைய மச்சினர் சொன்னார். யூனியன் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேர்மன் மட்டும் அதைச் சொல்லவில்லை. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சித்தேரி மலைமேல் ஒருவரிடம் இருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்ட பிறகு திரும்பி வரும் எண்ணம் இல்லை. என்னுடைய இரண்டு வேட்டியும் ஒரு போர்வையும் தோளில் இருந்தன.

நான் ஏழாவது வரை படித்தவன். ஏழாவதை முடித்தேன் என்று சொல்ல முடியாது. அப்புறம் பெங்களூரில் ஓட்டலில் மேஜை துடைத்தேன். சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தேன். அங்கே காய்ச்சல் வந்து மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. அப்புறம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கினேன். கன்னடமும் தெலுங்கும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவைதான். ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சேர்மனிடம் மட்டும்தான் நாலு வருஷம் இருந்தேன்.

அவரிடம் போய்ச் சேர்ந்ததும் மூட்டை இறக்கப் போன இடத்தில்தான். அவருடைய புளிக் குடோனில் சரக்கு ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தது. வரும் வழியில் டீக்கடையில் காதில் விழுந்ததை டிரைவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ன ஊரில் செக்கு வைத்திருந்த பெரியவர் போய்விட்டாராம் என்று. குடோனுக்குள் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரிய உருவம் சட்டென்று திரும்பியது.

"எப்ப?"

"விடிகாலைலங்க."

"எடுத்துட்டாங்களா?"

"சாயங்காலம் எடுப்பாங்கன்னு பேசிக்கிட்டாங்க."

"ஜீப்புல ஏறு" என்றார். லாரி டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது, "உனக்குக் காது நல்லா இருக்குது. இங்கியே இருந்துக்க" என்றார். அப்படித்தான் வேலை கிடைத்தது.

வேலை இதுதான். எங்கே யார் இறந்தார்கள் என்று தெரிந்து வந்து சொல்ல வேண்டும். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு ரோடு கூடுகிற இடத்துக்குப் போவேன். முதல் பஸ்களின் கண்டக்டர்கள், பால்காரர்கள், சந்தைக்கு வருகிறவர்கள் என்று எல்லோரையும் விசாரிப்பேன். எட்டு மணிக்குள் சேர்மனிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். அவர் சாப்பிடாமல் காத்திருப்பார். சாவு இல்லை என்று சொன்னால்தான் இலை போடுவார்கள். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளித்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதால் அப்படி. அவர் வீட்டம்மா என்னைக் கண்டதும், "இன்னிக்கி நல்ல சேதி கொண்டாந்தியா, இல்ல அவரு பட்டினியா?" என்றுதான் கேட்பார்.

ஜீப்பின் பின்சீட்டில் ஒரு மாலையும் புதுவேட்டிகளும் ஒரு பெட்டியில் மெழுகுவத்திகளும் எப்போதும் இருக்கும். இந்து வீட்டுக்கு மாலை, வேட்டி. கிறிஸ்தவர் வீட்டுக்கு மெழுகுவத்தி. கல்லறை வரை கூடவே போய், அவர்களோடு சேர்ந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு வருவார். முஸ்லிம் வீடு என்றால் வெறுங்கையோடு போவார், தோள் மட்டும் கொடுப்பார். எந்த வீடானாலும் தரையில் உட்காருவார். "எப்பிடி ஆச்சி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அவர்கள் முதலிலிருந்து கடைசி வரை சொல்லுவார்கள். இன்னொருவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லுவார்கள். அவர் அதையும் கேட்பார். சாவு வீட்டில் ரோடு, கிணறு, பள்ளிக்கூடம் என்று யாராவது மனு எடுத்தால், "இங்க வேணாங்க. நாளைக்கி ஆபீஸுக்கு வாங்க" என்பார். ஓட்டு என்ற சொல் சாவு வீட்டில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

எதிர்க்கட்சியார் அவருக்குச் 'சாவுச் சேர்மன்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருநாள் சந்தையில் ஒரு கிழவர் நேராகவே கேட்டார்.

"ஏனுங்க சேர்மனு, நான் உயிரோட இருக்கறப்ப ஒரு நாளும் எங்க வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலியே. செத்தாத்தான் வருவீங்களா?"

"சாவற மாதிரி எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லுங்க. ஒரு நா முந்தியே வந்து உக்காந்துக்கறன்" என்றார் சேர்மன். கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் மோர் குடித்துவிட்டு வந்தோம்.

இதெல்லாம் ஓட்டுக்காகத்தான் என்று சொன்னவர்கள் உண்டு. கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அவர் வீட்டம்மா ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே வேறொன்றைச் சொன்னார். சேர்மனின் அப்பாவுக்கு ஒரு மாட்டு வண்டி மட்டும் இருந்தது. அடிவாரத்திலிருந்து தருமபுரிச் சந்தைக்குப் புளி ஏற்றுவார். மகன் தலையெடுத்ததும் புளியமரங்களைப் பூவிலேயே குத்தகை பேசி, சொந்தமாகச் சரக்கை மைசூருக்குக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். அப்படி மைசூரில் சரக்கோடு நின்ற நாளில் அப்பா இறந்துபோனார். ஆள் அனுப்பியும் சேதி போய்ச் சேரவில்லை. வந்து பார்த்தபோது மண் காய்ந்திருந்தது. "மொகம் பாக்கலியேன்னு ஒரு மாசம் சோத்துல கை வெக்கலப்பா" என்றார் அந்தம்மா. சேர்மன் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

வண்டி ஒன்று மூன்றானது. அப்புறம் பழைய லாரி ஒன்று வாங்கினார். குடோன் கட்டினார். மலையடிவாரத்துக்கு பஸ் விட அவர் பர்மிட் வாங்கியபோது பைத்தியம் என்றார்கள். அந்த ரூட்டில் பாதி நாள் ஆட்களைவிட ஆடுகள்தான் அதிகம் ஏறும். ஆனால் பஸ் வந்த பிறகு அவர் பேர் தெரியாத வீடு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் ஆனார். யூனியன் வந்ததும் சேர்மன் ஆனார். இரண்டாம் தடவையும் ஆனார்.

அவர் பிடித்த பிடி சித்தேரி மலைக்கு ரோடு. முதலில் சேலத்துக்கும், தருமபுரி தனி ஜில்லா ஆன பிறகு இங்கேயும், எத்தனை தடவை நடந்தார் என்று கணக்கில்லை. நானே கூட ஒரு பை நிறைய மனுக்களைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். புளி லாரி மலையேறத்தான் ரோடு கேட்கிறார் என்று எதிராளி மேடை போட்டுப் பேசினார். அடுத்த மேடையில் இவர் ஏறி, "ஆமா, என் லாரியும் ஏறும். அவங்க வூட்டுப் புள்ளத்தாச்சியும் எறங்குவா. கட்டில்ல கட்டித் தூக்கியாற வழில செத்த பொம்பளைங்க வூட்டுக்கெல்லாம் நான் போயிருக்கறன். அவரு போயிருக்கறாரான்னு கேளுங்க" என்றார். கடைசியில் ரோடு சாங்ஷன் ஆகி, அடிவாரத்தில் முதல் ஒரு மைல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது தேர்தல் வந்தது. இந்த முறை போனால் ரோடு அந்த ஒரு மைலோடு நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் ஜெயிக்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு தீவிரமாக இருந்ததற்கு நான் கண்ட காரணம் அதுதான்.

சேர்மனை அப்போது ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள் யூனியன் ஆபீஸில் கூடி ஓட்டுப் போடுவார்கள். எதிர்த்து நின்றவர் நெல் மில்காரர். அவர் பக்கம் பதினைந்து பேர். எங்கள் பக்கம் சேர்மனையும் சேர்த்துப் பதினாறு. அந்தப் பதினாறாவது ஆள் சித்தேரி மலைப் பஞ்சாயத்தின் தலைவர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

ஓட்டுக்கு முன்னால் தலைவர்களை எதிராளி கண்ணில் படாமல் எங்காவது கூட்டிக்கொண்டு போய் வைத்திருப்பது அப்போது எல்லோரும் செய்கிற காரியம். சேர்மனின் மச்சினர்தான் பஸ் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே ஏற்பாடு செய்தார்.

"வேற பஸ்ஸு எதுக்கு மாமா? நம்ம பஸ்ஸ எடுத்துக்கலாம். ரிப்பேருன்னு சொல்லிட்டாப் போச்சி."

"அடிவாரத்துக்காரங்க என்னா பண்ணுவாங்க?"

"நாலு நாளுதான. நடக்கத் தெரியாதவங்களா அவங்க?"

சேர்மன் அதற்கு மேல் தடுக்கவில்லை. தலைவர்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, உங்களுக்குத்தான் ஓட்டு என்று சத்தியம் செய்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். சேர்மன் மட்டும் ஊரிலேயே தங்கினார். அவரும் காணாமல் போனால் சந்தேகம் வரும். மச்சினரும் நானும் கூடப் போனோம்.

ஒகேனக்கல்லில் இரண்டு நாள். ஒருவர் தலையணை கொண்டுவந்திருந்தார். ஒருவர் தன் சினைமாட்டை நினைத்துப் புலம்பிக்கொண்டே இருந்தார். சீட்டாட்டத்தில் இரண்டு பேருக்குச் சண்டை வந்து, ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி நெல் மில்காரரிடமே போய்விடுவதாக மிரட்டினார். மச்சினர் அவரை மாப்பிள்ளையைத் தாங்குவதுபோலத் தாங்கினார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றபோது எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். மலைத் தலைவர் மட்டும் கரையில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கண்ணன் இதப் பாத்ததில்ல தம்பி. அவருதான் என்ன வளத்தாரு. அப்பன் செத்தப்ப எனக்கு அஞ்சி வயசு. அடுத்த தேர்தலுக்கு அவரத் தலைவராக்கி அனுப்பிட்டா, உங்க செலவுல வந்து பாத்துக்குவாரு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கடைத்தெருவில் அண்ணனுக்கு ஒரு டார்ச்லைட் வாங்கினார். சாமை விளைந்து நிற்கிறது, காட்டுப்பன்றிக்கு அண்ணன்தான் காவல் படுக்கிறார் என்றார். பேட்டரியை எந்தப் பக்கமாகப் போடுவது, எதைத் தள்ளினால் எரியும் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டார். பட்டப்பகலில் உள்ளங்கையில் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார்.

மூன்றாம் நாள் இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்கு வந்து இறங்கினோம். மறுநாள் பதினொரு மணிக்கு ஓட்டு. வெற்றிலை, பீடி, பேப்பர் வாங்கி வர மச்சினர் என்னைத் தருமபுரிக்கு அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் பழக்கதோஷத்தில் நாலு பேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலைக்காரர் ஒருவர் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து ஓடிவந்தார்.

"எங்க தலைவரு எங்கீங்க? அவங்கண்ணன் விடிகாலைல போயிட்டாருங்க. காவலுக்குப் போனவரு பரண்லியே கெடந்தாரு. இவருக்குத்தான் காத்துக்கிட்டிருக்கறாங்க. லாரி புடிச்சி வந்தன்."

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தோப்புக்குத் திரும்பினேன். மச்சினரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"யாருக்கும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நாளைக்கி மத்தியானம் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள எடுத்துருவாங்களே."

"அண்ணன் செத்தாச்சி. இனி அவரு எங்க போவப் போறாரு? டேய், ஒரு ஓட்டுடா. ஒண்ணே ஒண்ணு. பேசாத போயி வெத்தலையக் குடு."

வெற்றிலையைக் கொடுத்தேன். மலைத் தலைவர் ஒரு மாமரத்தடியில் டார்ச்லைட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தால் வீணாகாமல் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அப்புறமும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நாலு வருஷம் என் வேலை, சாவு என்றால் ஓடிப்போய் உடனே சொல்வது. சொல்லாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

"தலைவரே, அண்ணனுக்கு ஒடம்பு முடியலியாம்."

அந்தப் பக்கத்தில் யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். கேட்கிறவருக்கும் புரிந்துவிடும். அவர் துணியைச் சுற்றி முடித்தார்.

"எடுத்துட்டாங்களா?"

"இல்லீங்க. உங்களுக்குத்தான் பாத்துக்கிட்டிருக்காங்களாம்."

எழுந்து நின்றார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கற்பூரம் அடிச்சிருக்கறனே தம்பி."

"ஓட்டு நாளைக்கித்தானுங்க."

"ஆமா. காலைல மண்ணத் தள்ளிட்டு மொத பஸ்ஸுக்கு வந்துடறன். சேர்மன்கிட்ட சொல்லு. கண்டிப்பா வந்துடறன்."

வேலிச் சந்து வழியாக அவரை வெளியே கூட்டி வந்து, தருமபுரியில் காத்திருந்தவரோடு சேர்த்து, அரூர் போகிற லாரியில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து மச்சினரிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தில் அடித்தார். ஒரு காது கொஞ்ச நேரம் கேட்கவில்லை. மற்றவர்களை விட்டுவிட்டு அவரால் நகர முடியவில்லை.

மறுநாள் காலை பஸ் யூனியன் ஆபீஸ் முன்னால் வந்து நின்றபோது பத்து மணி. சேர்மன் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் இறங்கியும் படியையே பார்த்தார். மச்சினர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஜீப்ப அனுப்பலாம் மாமா. அடிச்சி ஓட்டினா அடிவாரத்துக்குப் போயிட்டு பதினொண்ணுக்குள்ள வந்துடலாம். அவரு எறங்கி வந்தாலும் வந்திருப்பாரு" என்றார்.

ஜீப் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. சேர்மன் அதைப் பார்த்தார்.

"எழவு வூட்டுக்கு ஜீப்ப அனுப்பி ஓட்டுக் கேக்கச் சொல்றியா?"

"மாமா, ரோடு நின்னு போயிரும்."

"நிக்கட்டும்" என்றார்.

மலைத் தலைவர் வரவில்லை. பதினைந்துக்குப் பதினைந்து என்று சமமாக நின்றது. சீட்டுக் குலுக்க வேண்டும் என்றார் அதிகாரி. இரண்டு பேரையும் எழுதி மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். ஆபீஸ் பியூன் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நெல் மில்காரர் பேர் வந்தது. வெளியே வெடி வெடித்தார்கள். "சாவுச் சேர்மனுக்குச் சாவு வந்திருச்சி" என்று யாரோ கத்தினார்கள். சேர்மன் உள்ளே போய் மில்காரருக்கு மாலை போட்டுவிட்டு வந்தார். மாலை எங்களிடம் எப்போதும் இருக்குமே.

சாயங்காலம் வீட்டில் என்னைக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மச்சினரும் இருந்தார். என்னைத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாங்கய்யா."

சேர்மன் பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மொகம் பாத்தாரா?"

"தெரியலீங்கய்யா. லாரி ஏத்திவுட்டன். அப்புறம் சேதி இல்ல."

தலையை ஆட்டினார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அந்தம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். மச்சினர் என் பக்கம் பார்க்கவில்லை. விடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்படிப் போவதுதான் எனக்குத் தெரிந்த விதம்.

சேர்மன் அப்புறம் தேர்தலில் நிற்கவில்லை. புளி வியாபாரத்தோடும் பஸ்ஸோடும் இருந்தார். சாவு வீடுகளுக்கு மட்டும் போவதை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் இறந்தபோது நான் ஷிமோகாவில் பாக்குக் களத்தில் இருந்தேன். சேதி எனக்கு வந்தது நாலு மாதம் கழித்து. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறாமல் நடந்து, அன்று அடிவாரத்தை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புது ரோடு ஒரு மைல் போய், பாறை முன்னால் நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தேன். மலைத் தலைவர் தன் வீட்டு முன்னால் சாமைக் கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். மொட்டையடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது.

"சேர்மன் அனுப்பிச்சாரா தம்பி?"

"அனுப்பலீங்க. நானாத்தான் வந்தன். அவரு உங்களப் பத்தி ஒண்ணு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

"ஏன் வரலன்னுதான? கற்பூரத்த அடிச்சிட்டு வராத போனவன் நல்லாருப்பானான்னு கேட்டிருப்பாரு."

"இல்லீங்க. அண்ணன் மொகத்தப் பாத்தீங்களான்னு கேட்டாரு."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து கதிர்களை நேராக்கினார். நேராக இருந்தவற்றையும் நேராக்கினார். உள்ளே போய் டார்ச்லைட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"நான் ஏறி வந்தப்ப நல்லா இருட்டிப் போச்சி. வூட்டுல எண்ண வெளக்குதான். மொகம் சரியாத் தெரியல. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே மேல தள்ளினன். எரிஞ்சிது. தூங்கற மாதிரிதான் இருந்தாரு. வாய் மட்டும் கொஞ்சம் தொறந்து. நல்லாப் பாத்துட்டு அணச்சிட்டன். அதுக்கப்புறம் வேற எதுலயும் அடிக்கல."

டார்ச்லைட்டைத் திரும்ப வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் வந்தன் தம்பி. நம்ப மாட்ட நீ. வெள்ளாப்புல மண்ணத் தள்ளிட்டு, கைகாலக் கழுவிக்கிட்டு, ஓடியே எறங்கினன். எட்டரை பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே அடிவாரத்துல நிக்கறன். பஸ்ஸு வரல. ஒம்போது ஆச்சி, பத்து ஆச்சி. நாலு நாளா பஸ்ஸே வரலன்னு டீக்கடைக்காரரு சொல்றாரு. உச்சி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னன். நாம ஏறிப் போன பஸ்ஸுக்குப் பதிலா வேற பஸ்ஸு வுட்டிருப்பாங்கன்னு நெனச்சிருந்தன். அந்தப் பஸ்ஸுக்கு என்னா தம்பி ஆச்சி?"

மொத பஸ் என்று அவர் தோப்பில் சொன்னபோது எனக்கும் அது உறைக்கவில்லை. வேறு பஸ் விடவே இல்லை. அவர் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, இருந்த ஒரே பஸ் மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு இண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஜீப்பும் சும்மாதான் நின்றது. சாவு வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு அனுப்பமாட்டேன் என்று சேர்மன் சொன்ன நேரத்தில், ஓட்டு சாவு வீட்டை விட்டுக் கிளம்பி வந்து ரோட்டோரம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ரிப்பேருங்க" என்றேன்.

"அதான் நெனச்சன்" என்றார். "அவருக்கு என்மேல கோவமில்லியே?"

"துளி கூட இல்லீங்க."

அப்போதுதான் அவர் அழுதார். அண்ணனுக்காகவா, சேர்மனுக்காகவா என்று நான் கேட்கவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். அவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் இறங்கி வந்தபோது பஸ் சரியாக எட்டரைக்கு வந்து திரும்பி நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"சேர்மனுக்கு ஒரு சேதி சொல்லணுங்க."

"சொல்லு."

"மொகம் பாத்துட்டாருன்னு சொல்லுங்க. நல்லா, வெளிச்சத்துல பாத்தாருன்னு."

"அப்புறம்?"

மற்றதும் நாக்கு வரை வந்தது. தலைவர் வந்து நின்றார், பஸ்தான் வரவில்லை என்று. சேர்மனுக்கே அது பின்னால் தோன்றியிருக்குமோ என்னவோ. என் வாயால் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானுங்க."

"நீ வரலியா?"

"இல்லீங்க."

பஸ் சளிக் குரலில் ஒரு முறை கத்திவிட்டுப் போயிற்று. புது ரோடு முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சேர்மன் மாறினாலும் சாங்ஷன் ஆன பணம் தீரும்வரை வேலை நடக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"முன்ன என்னா வேல பாத்த?"

"சாவு விசாரிச்சிக்கிட்டிருந்தனுங்க."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"இங்க யாரும் இன்னம் சாவல. ஜல்லி ஒடை" என்று ஒரு சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். போர்வையை மரத்தில் மாட்டிவிட்டு, கற்குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.